கையில் 15,000 ரூபாய்: மின்சைக்கிளுக்கு மோட்டாரா, பேட்டரியா, சீட்டா?

எங்கள் வீட்டு வாசலில் மூன்று சைக்கிள் நிற்கின்றன. ஒன்று அப்பாவின் 24 இஞ்ச் ஃபிரேம் உள்ள பழைய வண்டி. இன்னொன்று மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்தது. மூன்றாவது, இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கிய மின்சைக்கிள். இருபத்தாறு வருஷம் பைக்கிலேயே சுற்றிவிட்டு, மறுபடி பெடலில் கால் வைத்தது அதில்தான்.

கும்பகோணத்துக்கு மேற்கே வீடு, பாபநாசத்தில் வேலை. வாசலிலிருந்து வாசலுக்கு 13 கிலோமீட்டர். வண்டியில் 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி. பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில் 250 வாட் மோட்டார். பெடல் மிதித்தால் 40 கிலோமீட்டர் ஓடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. முதல் வருஷம் குறையொன்றும் தெரியவில்லை. போன ஆடியில் ஒரு சாயங்காலம், வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்தது. மோட்டார் செத்த பிறகு 23 கிலோ வண்டியை மிதித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நாலு கிலோமீட்டரின் நீளம் தெரியும்.

தீபாவளி போனஸில் 15,000 ரூபாயை இதற்கென்று எடுத்து வைத்தேன். யோசனைகள் இலவசமாக வந்தன. மச்சான் பெரிய மோட்டார் போடச் சொன்னார். ஆபீஸ் நண்பர் இரண்டாவது பேட்டரி என்றார். வீட்டில், "இதை வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் எடுங்க" என்றார்கள். எனக்கு அப்பாவின் வண்டியிலேயே ஒரு மோட்டார் மாட்டிவிடலாமா என்று உள்ளூர ஒரு ஆசை. நாலையும் விசாரித்தேன். கடைசியில் இந்த நாலையும் செய்யவில்லை.

ஸ்கூட்டரை முதலில் முடித்துவிடுகிறேன். மின்ஸ்கூட்டர் நல்ல வண்டிதான். ஆனால் நான் சைக்கிளுக்குத் திரும்பியதே உட்கார்ந்து உட்கார்ந்து வந்த இடுப்புவலிக்காகவும், சர்க்கரைக்காகவும். ஸ்கூட்டரில் போனாலும் உட்கார்ந்துதான் போக வேண்டும். தினம் முப்பது நாற்பது கிலோமீட்டர் போகிறவர், பின்னால் ஆள் ஏற்றுகிறவர் அதையே வாங்கட்டும்.

மச்சானின் யோசனைக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். "48 வோல்ட் போடுங்க மாப்ள, பறக்கும்." பறக்கும், அதில் சந்தேகமில்லை. ஹப் மோட்டாரின் சுற்று வேகம் வோல்டேஜோடு சேர்ந்து ஏறும். 36-லிருந்து 48-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடும். 25-ல் போன வண்டி 33-ல் போகும். ஆனால் 48 வோல்ட் பேட்டரி என்பது முழு சார்ஜில் 54.6 வோல்ட். 36 வோல்ட்டின் முழு சார்ஜ் 42. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், அந்த 42-க்குச் செய்தது. அதில் 54-ஐக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆகவே கன்ட்ரோலரையும் மாற்ற வேண்டும். 500 வாட் மோட்டார் என்றால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். மூன்றும் சேர்த்து எனக்கு வந்த கணக்கு 30,000-ஐத் தாண்டியது. புது மின்சைக்கிளே அந்த விலையில் கிடைக்கிறது.

பணத்தை விடச் சட்டம் முக்கியம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 250 வாட்டுக்குக் கீழும் உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. அதைத் தாண்டினால் அது நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் வண்டி. யாரையாவது இடித்துவிட்டால் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. வாங்கிய கடையில் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் யார் சார் பார்க்கிறாங்க" என்றார் விற்பனைப் பையன். பார்க்காதவரைக்கும் சரி.

இதெல்லாம் இல்லாவிட்டாலும், டெல்டாவில் அவ்வளவு சக்தி எதற்கு என்பதுதான் என் கேள்வி. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம், கும்பகோணம் சுமார் 25. நாற்பது கிலோமீட்டரில் இறங்குவது முப்பத்தைந்து மீட்டர். மண் அப்படிச் சரிவதால்தான் கல்லணையில் பிரித்துவிட்ட தண்ணீர் தானாகக் கடைமடைக்குப் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு மிதித்துப் பார்த்தேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு. பாலம் ஏறும் அந்தக் கொஞ்ச தூரத்தைத் தவிர மேடென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊட்டிக்காரருக்குப் பெரிய மோட்டார் வேண்டும். பெடல் அச்சில் பொருத்தும் மிட்-டிரைவ் மோட்டார்கூட அவருக்குப் பொருந்தும். நமக்கு அது செயினைத் தேய்ப்பதற்கான செலவு.

நம்முடைய மேடு காற்று. ஆடியில் மேல்காற்று, காலையில் பாபநாசம் போகும்போது நேராக மூஞ்சியில் அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பிவிட்டால் சாயங்காலம் வீடு திரும்பும்போது அடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிர்க்காற்று 15 என்றால் உடம்பு சந்திப்பது 35 கிலோமீட்டர் காற்றை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அது காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு. அன்று என் பேட்டரி நாலு கிலோமீட்டருக்கு முன்னால் படுத்ததன் ரகசியம் இதுதான். காலையில் காற்றை எதிர்த்து மிதிக்க அலுப்பாக இருந்தது, மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் திராட்டிலைத் திருகிக்கொண்டே போனேன். அதே காற்றில் வேகத்தை 20-லிருந்து 15-க்குக் குறைத்தால் தடை நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிடும். கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் போதும். செலவில்லாத அப்கிரேட் இது.

அடுத்தது பேட்டரி. இரண்டாவது பேட்டரிக்குக் கம்பெனி விலை 13,500 சொன்னார்கள். வெளியில் செல் வாங்கிச் சேர்த்துக் கட்டித் தருகிறவர்களிடம் 8,000. விலை வித்தியாசத்தைப் பார்த்துக் கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த 8,000 ரூபாய் பேட்டரிக்குள் புது செல்லா, எங்கோ கழற்றிய பழைய செல்லா என்று சுருக்கு உறையைக் கிழிக்காமல் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் அப்படி வாங்கியது ஆறாவது மாதமே பாதி தூரத்தில் நின்றது. விற்றவர், "கரண்டு ஏற்ற இறக்கம் சார்" என்றாராம்.

வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, வேதியியல். பெரும்பாலான மின்சைக்கிளில் இருப்பது செல்லுக்கு 3.6 வோல்ட் வகை. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த பத்து செல், முழு சார்ஜ் 42 வோல்ட். இரும்பு பாஸ்பேட் வகை செல்லுக்கு 3.2 வோல்ட், அப்படியே பன்னிரண்டு செல், முழு சார்ஜ் 43.8. இரண்டாவது வகை எடை கூடுதல், ஆயுளும் கூடுதல். வெயிலையும் அதிகம் தாங்கும். நம் ஊர்ச் சித்திரைக்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்றின் சார்ஜரை மற்றதில் சொருகக் கூடாது. சொருகி பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. இரண்டாவது விஷயம், பழசையும் புதுசையும் ஒரே நேரத்தில் சேர்த்து இணைக்கக் கூடாது. ஒன்று நிறைந்தும் ஒன்று குறைந்தும் இருந்தால் நிறைந்ததிலிருந்து குறைந்ததற்கு மடையை உடைத்துக்கொண்டு பாயும். மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் பத்திரம்.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மதியம் ஆபீஸ் மேஜைக்குக் கீழே இருந்த பிளக்பாயிண்ட் கண்ணில் பட்டது. என் பேட்டரி சாவி போட்டுக் கழற்றும் வகை. 13,500-க்கு இரண்டாவது பேட்டரி எதற்கு, 1,400-க்கு இரண்டாவது சார்ஜர் போதுமே! காலையில் பாதிக்கு மேல் குடித்திருந்தாலும் 2 ஆம்பியர் சார்ஜரில் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. "கரண்ட் பில்லு யார் கட்டுறது?" என்று ஹெட்கிளார்க் கேட்டார். ஒரு தடவைக்குக் கால் யூனிட்டுக்குள்தான் வரும் சார், உங்கள் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் மூன்று மணி நேரத்தில் குடிப்பது என்றேன். ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரி, சரி" என்றார். போகும் இடத்தில் பிளக்பாயிண்ட் கிடைக்காதவர்களுக்கு, அல்லது ஃபிரேமுக்குள் பேட்டரி பதித்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு இரண்டாவது பேட்டரி அல்லது பெரிய பேட்டரிதான். 10 ஆம்பியர்-மணிக்கு மேல் பாருங்கள், கம்பெனியிடமே வாங்குங்கள். அப்புறம், முழு சார்ஜ் ஏற்றி வெயிலில் நிறுத்தாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் நிறைவும் சேர்ந்தால் ஆயுள் குறையும்.

அப்பாவின் வண்டிக்கு வருகிறேன். இதற்காகப் பாயின் கடைக்குப் போனேன். சின்ன வயதில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்த அதே கடை. எனக்கு ஐம்பத்தொன்று ஆகியும் அவருக்கு நான் தம்பிதான். வண்டியைச் சாய்த்து முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

"இதுல எத்தனை கம்பி தம்பி?"

எண்ணினேன். முப்பத்திரண்டு.

"பின்னால நாப்பது. நீங்க சொல்ற மோட்டாருல எத்தனை ஓட்டை?"

முன்சக்கரத்தில் மாட்டும் மோட்டார் தொகுப்பை, அதாவது கிட்டை, விற்பவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். முப்பத்தாறு. ஆக, அந்த ரிம்மில் அந்த ஹப் கோக்காது. ரிம்மும் வேறு வாங்க வேண்டும். கிட்டோடு தயாராக வரும் சக்கரங்கள் 26, 27.5, 29 அளவு. பழைய வண்டியின் 28 இஞ்ச் ரிம்முக்கு அவை எதுவும் ஒத்து வராது. சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் வாய் சின்னது, மோட்டார் அச்சு 12 மில்லிமீட்டர், அரம் போட்டு ராவ வேண்டும். ராவினால் மட்டும் போதாது. மோட்டார் சக்கரத்தை முன்னே சுற்றும்போது அச்சு பின்னே திரும்பப் பார்க்கும், அதைப் பிடித்துக்கொள்ள டார்க் ஆர்ம் என்ற இரும்புக் கை ஒன்றைப் பொருத்த வேண்டும். அது இல்லாமல் ஓட்டி, ஃபோர்க் வாய் தேய்ந்து, ஓடும்போதே முன்சக்கரம் கழன்றால் விழுவது முகம்தான். பழைய இரும்பு ஃபோர்க் என்பது ஒன்றே இதில் நமக்குச் சாதகம். அலுமினிய ஃபோர்க்கில் முன் மோட்டார் போடவே கூடாது.

பாய் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கம்பி பிரேக்கை ஒருமுறை அழுத்திக் காட்டினார். "இது மிதிச்சுப் போற வேகத்துக்குச் செஞ்சது. மழையில ரிம்மு நனைஞ்சா அதுக்கே நிக்காது. மோட்டார் ஓட்டிட்டுப் போயிரும், யார் தம்பி நிறுத்துறது?"

அங்கே அந்த ஆசை முடிந்தது. மகளின் சைக்கிள்? அது கொஞ்சம் பொருத்தம். ஆனால் 26 இஞ்ச் என்று பேர் இருந்தாலும் எல்லா 26-ம் ஒன்றல்ல. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 559 என்றிருந்தால் மவுண்டன் பைக் ரிம், கிட் சக்கரம் உட்காரும். 590 என்றிருந்தால் பிரேக் கட்டை ரிம்மில் படாது. கிட் ஆர்டர் போடும் முன் குனிந்து அந்த எண்ணைப் படித்துவிடுங்கள். வீட்டில் பிரேக் நல்லதாக உள்ள, கியர் வைத்த, இரும்புச் சட்டச் சைக்கிள் சும்மா கிடக்கிறது என்றால் மட்டும் கிட் லாபம்.

மிச்சம் இருந்தது யாரும் சொல்லாத யோசனை. வண்டியில் என் உடம்பு தொடும் இடங்களையும் வண்டி தரையைத் தொடும் இடத்தையும் சரிசெய்வது. பணத்தை நான் போட்டது இங்கேதான்.

சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ரொம்ப நாள் கழித்து ஏறுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பயத்தில் சீட்டைத் தாழ்த்தி வைப்பது. இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒன்றரை வருஷம் முழங்கால் வலித்தது. வயசு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி, பெடலை அடியில் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்போது, ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். எனக்கு ஆறு சென்டிமீட்டர் ஏற்ற வேண்டியிருந்தது. வண்டியோடு வந்த சீட் கம்பி அவ்வளவு உயராது, நீளமானது 350 ரூபாய். ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் 900. சீட்டை ஏற்றியதும் கைக்குப் பாரம் வந்தது, அதற்கு ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டு 450. முழங்கால் வலி இரண்டு வாரத்தில் போனது. இந்த 1,700 ரூபாய்க்குக் கிடைத்ததை 30,000 ரூபாய் மோட்டார் தந்திருக்காது. முழங்கால் வலிக்காததால் அதிகம் மிதித்தேன். அதிகம் மிதித்ததால் பேட்டரியும் கூடுதல் தூரம் ஓடியது.

டயர் இரண்டாவது. கருவேல முள் இந்தப் பக்கத்துச் சாபக்கேடு. கட்டைகளை ஏற்றிப்போகும் டிராக்டர் ரோடெல்லாம் முள் உதிர்த்துக்கொண்டே போகும். பழைய டயரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தடித்ததாக இரண்டு டயரும் ட்யூபும் 1,900-க்குப் போட்டு, உள்ளே லைனர் பட்டை 500-க்கு வைத்தேன். ஏழு மாதமாகப் பஞ்சர் இல்லை. இதை எழுதியதற்காகவே நாளைக்கு ஆகலாம். மோட்டார் சக்கரத்தில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று யூட்யூபில் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பயம் காட்டுகிறார்கள். ஒயரைப் பிரி, நட்டைக் கழற்று, சக்கரத்தை எடு என்று. நம் ஊர்ப் பஞ்சர் கடையில் என்றைக்கு அய்யா சக்கரத்தைக் கழற்றினார்கள்? ஒரு பக்க டயரை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, ஒட்டி, உள்ளே தள்ளிவிடுவார்கள். மோட்டார் இருப்பதே அவர்களுக்குப் பொருட்டில்லை. ட்யூப் மாற்றுவதென்றால்தான் சக்கரம் கழல வேண்டும், அதற்கு 18 அளவு ஸ்பானர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

பிரேக் பேடும் கேபிளும் 600, மட்கார்டு 450, கேரியர் 700, கண்ணாடி 200. இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மட்கார்டு இல்லாமல் மின்சைக்கிள் விற்கிறவர்கள் ஐப்பசி மழையைப் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்வேன்.

மழைக்கு வாங்க வேண்டியதைவிடச் செய்ய வேண்டியதே அதிகம். ஒயர் இணைப்புகளுக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் தொய்வாகத் தொங்கவிடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் ஏறாது. ரோட்டில் தண்ணீர் நின்றால் சக்கரத்தின் அச்சு மட்டம்தான் எல்லை. அதற்கு மேல் என்றால் இறங்கித் தள்ளுவதுகூட வேண்டாம், சுற்றுவழி பாருங்கள். ஹப்புக்குள் போன தண்ணீர் தானாக வெளியே வராது. நனைந்து வந்ததும் சார்ஜ் போடாதீர்கள்.

எதிர்பாராத எதிரி வைக்கோல். தை பிறந்து சம்பா அறுவடை ஆனதும் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரமெல்லாம் வைக்கோல். அதில் இறங்கித்தான் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும். சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டி ஒருநாள் "கிறீச்" என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தில் வைக்கோல் கயிறாகத் திரிந்து, பிரேக் டிஸ்க்குக்கும் பின் ஃபோர்க்குக்கும் நடுவே இறுகி, அச்சிலிருந்து வெளிவரும் மோட்டார் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்து சுற்று சுற்றியிருந்தால் ஒயர் அறுந்திருக்கும். அறுந்தால் மோட்டாரையே பிரிக்க வேண்டும். நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் அரிவாளோடு வந்து, "இருங்க தம்பி" என்று நுனியால் நெம்பி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பழைய ட்யூபை ஒரு சாண் வெட்டி அந்த ஒயரைச் சுற்றி உறைபோலக் கட்டினேன். நான் செய்த அப்கிரேட்களில் எனக்குப் பெருமையானது இதுதான், செலவு பூஜ்யம்.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. பெடல் சுற்றுவதைக் கண்டுபிடிக்கும் காந்தத் தட்டு. என் வண்டியில் ஐந்து காந்தம்தான் இருந்தது; கால் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் மோட்டாருக்குச் சேதி போகும். பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பினால் வண்டி ஆடும். பன்னிரண்டு காந்தத் தட்டு சில நூறு ரூபாய்தான், மாற்றினால் சீக்கிரம் பிடிக்கும் என்கிறார்கள். கன்ட்ரோலர் ஏற்றுக்கொள்ளுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, சாமான்கள் 6,050, ஆபீஸ் சார்ஜர் 1,400. இந்த வருஷ ஆடியில் அதே பேட்டரியோடு, காலையில் மோட்டாரின் உதவி அளவை இரண்டில் வைத்து, சாயங்காலம் காற்று முதுகைத் தள்ளும்போது மோட்டாரை அணைத்துவிட்டு வந்தேன். ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. பேட்டரி ஒருநாள் சாகத்தான் போகிறது. அப்போது கம்பெனியிடமே பெரிதாக ஒன்று வாங்குவேன்.

மிச்சம் 7,550 ரூபாயில் ஒரு பங்கை எடுத்து அப்பாவின் வண்டியைப் பாயிடம் ஓவராயிலுக்கு விட்டிருக்கிறேன். மோட்டார் இல்லாமல், மணி மட்டும் புதுசாக. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லை.